இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு வரை வாலிபாலும் கபடியும் ஆடிவிட்டு, கல்லூரிக்கு வந்த பிறகுதான் கூடைப்பந்தைத் தொடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் பள்ளிக் காலத்திலேயே ஒழுங்கான கூடைப்பந்துத் திடலில் ஆடியவர்கள் குறைவு. சென்னையில் சின்ன வயதிலேயே கோச்சிங் போன பிள்ளைகளோடு நாம் எங்கே போட்டி போடுவது என்று பலர் பெயர் கொடுக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

அப்படி ஒதுங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கல்லூரி அணியில் இடம் பிடிக்கத் திறமை பாதி வேலையைத்தான் செய்கிறது. தினமும் திடலுக்கு வந்து நிற்பதும், காகிதங்களைக் கையில் தயாராக வைத்திருப்பதும் மீதிப் பாதி. பெண்கள் அணியில் இது இன்னும் பொருந்தும். பல கல்லூரிகளில் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பதற்கே பிடி மேடம் (உடற்கல்வி இயக்குநர்) வகுப்பு வகுப்பாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

சேருவதற்கு முன்: எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம்

நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவீர்கள் என்பதை உங்கள் கல்லூரி எதோடு இணைந்திருக்கிறது என்பதே முடிவு செய்யும். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் காரைக்குடியில் 1985-இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம். அங்கே கல்லூரிகள் அதிகம் என்பதால் முதலில் உங்கள் மண்டலத்துக்குள் போட்டி, பிறகு மண்டலங்களுக்கு இடையே போட்டி என்று ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும். அழகப்பாவில் கல்லூரிகள் குறைவு, வழியும் குறுகியது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது சின்ன அனுகூலம் இல்லை.

தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் இந்தக் கதவு மூடிவிடும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. தினமும் வகுப்புக்கு வரும் முழுநேர மாணவர்களை மட்டுமே அது ஏற்கிறது. வயது வரம்பும் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் படிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் மாவட்டம், மாநிலம் வரை போன சான்றிதழ் இருந்தால், அது எந்த விளையாட்டாக இருந்தாலும், விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். ரிசல்ட் வந்த பிறகு நிதானமாக விசாரித்தால் தேதி கடந்திருக்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். திடல் இருக்கிறதா? போன வருடம் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்குப் போனதா? உடற்கல்வி இயக்குநர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? மூன்றாவதற்கு "காலி" என்று பதில் வந்தால் மற்ற இரண்டையும் பெரிதாக நம்ப வேண்டாம்.

முதல் வாரம்: பிடி அறை

சேர்ந்த முதல் வாரத்திலேயே உடற்கல்வித் துறை அறைக்குப் போங்கள். நம் பக்கத்தில் பிடி சார், பிடி மேடம் என்றுதான் சொல்வோம். "சார், எனக்குக் கூடைப்பந்து தெரியாது, ஆனால் தினமும் வருவேன், கற்றுக்கொள்ள ஆசை" என்று சொன்னால் போதும். ஆடத் தெரியும் என்று அளந்துவிட்டால் முதல் லே-அப்பிலேயே, அதாவது ஓடிவந்து எம்பிப் பந்தை வளையத்தில் போடுவதிலேயே, வெளுத்துவிடும்.

பயிற்சி நேரம் என்ன, சீனியர்களில் கேப்டன் யார், இந்த வருடம் போட்டி எப்போது, ஓடி கிடைக்குமா என்று அன்றே கேட்டு வாருங்கள். போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப்பதிவு தருவதைத்தான் ஓடி என்கிறோம். அது தானாக வராது. போய் வந்த மறுநாளே பிடி சாரின் கையெழுத்தோடு துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் முடியும்போது மொத்தமாகக் கொண்டுபோய் நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

ஆதார், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரி அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இவற்றின் நகல்களை ஒரு பையில் போட்டு வையுங்கள். தகுதிப் படிவம் நிரப்பும் நாள் எப்போதும் அவசரமாகவே வரும்.

பந்து, ஷூ, திடல்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலை நம்பிய வீடுகளில் பணம் புழங்காத அந்த நாட்களில்தான் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டி வரும். எனவே ஜூனில் விலை உயர்ந்த ஷூ வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள். முதல் இரண்டு மாதத்துக்குக் கணுக்காலைப் பிடித்து நிறுத்துகிற, அடிப்பாகம் தேயாத சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். ஓட்டத்துக்கென்று வரும் மெத்தென்ற ஷூ மட்டும் வேண்டாம். பக்கவாட்டில் திரும்பும்போது கால் புரண்டுவிடும்.

ஆண்களுக்கு 7-ஆம் எண் பந்து, எடை சுமார் 600 கிராம். பெண்களுக்கு 6-ஆம் எண், சற்றுச் சிறியது, 50, 60 கிராம் குறைவு. இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். வளையத்தின் உயரம், திடலின் அளவு, நேரம், விதி எல்லாம் ஒன்றே. பெண்களுக்குத் தனிப் பந்து இல்லாத கல்லூரியில் 7-ஆம் எண்ணிலேயே பழகச் சொல்வார்கள். பழகலாம்தான், ஆனால் எறியும் கை கெட்டுப்போகும். நாலைந்து பெண்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு 6-ஆம் எண் ரப்பர் பந்து வாங்கிவிடுவது நல்லது. காஸ்கோ, நிவியா பந்துகள் எளிதாகக் கிடைக்கும். சிமெண்ட் தரைக்கு ரப்பர் பந்தே சரி. தோல் பந்து ஒரு பருவத்தில் உரிந்துவிடும்.

திடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் சிக்கலே அங்கேதான். முழுத் திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். உப்புக் காற்றில் கம்பம் துருப்பிடித்துச் சாய்வதும், தரைக்கு மேல் மறுபடி சிமெண்ட் போட்டதில் வளையம் தாழ்ந்துபோவதும் நடக்கும். தாழ்ந்த வளையத்தில் பழகிவிட்டுக் காரைக்குடிக்குப் போனால் பந்து எல்லாம் குட்டையாக விழும். ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். எதிராளி தப்பு செய்தால் யாரும் தடுக்காமல் எறியக் கிடைப்பது பிரீ த்ரோ. அதற்கான கோடு, வளையம் மாட்டியிருக்கும் போர்டின் முகப்பிலிருந்து 4.6 மீட்டர். மூன்று புள்ளி வளைவு வளையத்தின் நடுப்புள்ளிக்கு நேர்கீழிருந்து 6.75 மீட்டர். கோடு அழிந்திருந்தால் சுண்ணாம்பு கரைத்து நீங்களே போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

வளையத்தில் வலை இல்லையென்றால் பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று பாதி நேரம் சண்டைதான். வலையை மாட்டப் பன்னிரண்டு கொக்கிகள் இருக்கும். நீளம் 40 முதல் 45 சென்டிமீட்டர். வலை பொத்தத் தெரிந்தவர்கள் நம் கரையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நைலான் கயிறு வாங்கிக் கொடுத்தால் கடையில் விற்பதைவிட உறுதியாகப் பின்னித் தருவார்கள்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரித் திடலில் கொட்டும். ஆடுவதற்கு முன் கூட்டிப் பெருக்காவிட்டால் கால் வழுக்கும். தூர எறிதலை அந்த மாதங்களில் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது காற்று சற்று அடங்கியிருக்கும். மாலையில் பந்து தட்டுதல், பாஸ், தடுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்துவிடும். ஈரச் சிமெண்டில் ஆடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வராந்தாவில் நின்ற இடத்திலேயே பந்து தட்டுங்கள், அல்லது விதிகளைப் படியுங்கள்.

எதை முதலில் கற்பது

புதியவர்கள் எல்லோரும் திடலுக்கு வந்ததும் மூன்று புள்ளிக் கோட்டில் நின்று எறிவார்கள். பத்தில் ஒன்று விழும், அதில் ஒரு மயக்கம். அதை விடுங்கள். உங்களைப் போன்ற புதியவரை ஒரு பயிற்சியாளர் அணியில் எடுக்க மூன்று காரணங்கள் இருக்கலாம்: பந்தைத் தொலைக்க மாட்டார், தடுப்பில் சோர மாட்டார், வளையத்துக்கு அடியில் கிடைத்ததைப் போடுவார். இந்த மூன்றையும் இரண்டு மாதத்தில் கற்கலாம்.

பந்து தட்டுதலில் தொடங்குங்கள். உள்ளங்கை படக் கூடாது, விரல் நுனிகளே தட்ட வேண்டும். பந்து இடுப்புக்கு மேல் எழக் கூடாது, கண் பந்தைப் பார்க்கக் கூடாது. இடது கைக்கு இரட்டை நேரம் கொடுங்கள். வலது கையால் மட்டும் தட்டுகிறவரை எதிராளி ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தை அடைத்துவிடுவார்.

அடுத்தது லே-அப். வலது கைக்காரர் பந்தைப் பிடித்ததும் வலது கால், இடது கால், இடது காலால் எம்பி வலது கையால் போட வேண்டும். போர்டில் வரைந்திருக்கும் சின்னக் கட்டத்தின் மேல் மூலையைக் குறி வைத்து மெதுவாக வைத்தால் போதும், வேகமாக அறையத் தேவையில்லை. முதலில் பந்தே இல்லாமல் இந்தக் காலடிகளை நடந்து பழகுங்கள். வாலிபால் ஆடியவர்களுக்கு இரண்டு காலாலும் எம்பும் பழக்கம் ஊறியிருக்கும், அதை உடைக்கச் சில வாரங்கள் ஆகும். அதே வாலிபால் பழக்கம் ரீபவுண்டில், அதாவது உள்ளே விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதில், பெரிய சொத்து. மேலே வரும் பந்தை எந்த நொடியில் எட்டிப் பிடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கபடிக்காரர்கள் தடுப்பில் ஜொலிப்பார்கள். தாழ்ந்து நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, ஆளை விடாமல் மறிப்பது அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. கையை மட்டும் அடக்க வேண்டும். இங்கே ஆளைப் பிடித்தால் புள்ளி இல்லை, பவுல்.

பிரீ த்ரோவைத் தினமும் பயிற்சியின் கடைசியில், மூச்சு வாங்கும்போது எறியுங்கள். போட்டியிலும் களைத்த நிலையில்தான் எறியப் போகிறீர்கள். முழங்கை பந்துக்கு நேர்கீழே இருக்கட்டும், முழங்காலை மடக்கி எழுந்து, பந்து போன பிறகும் மணிக்கட்டு மடிந்தபடி நிற்கட்டும். மாணவர் ஆட்டங்களில் கடைசி நிமிடத்தில் முடிவு மாறுவது பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான்.

எம்பியபின் தரையில் இறங்குவதையும் கற்க வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து, முழங்கால் மடிந்து, மெத்தென இறங்குங்கள். இரண்டு முழங்காலும் உள்பக்கமாகச் சாயக் கூடாது. முழங்கால் உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. அடி படாமலேயே, தவறாக இறங்கியதாலோ சட்டென்று திரும்பியதாலோ கிழியும். இதற்கு மருந்து முன்கூட்டிச் செய்யும் பயிற்சிதான். கணுக்கால் புரண்டால் ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வு. சூடாக எண்ணெய் போட்டு உருவிவிட யாராவது வருவார்கள், முதல் இரண்டு நாள் அவர்களிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

விதிகள், சுருக்கமாக

ஒரு அணியில் பன்னிரண்டு பேர், களத்தில் ஐவர். பத்து நிமிடமாக நான்கு பகுதி. பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் எறிந்துவிட வேண்டும், 8 நொடிக்குள் பாதித் திடலைத் தாண்ட வேண்டும், எதிரணி வளையத்தின் கீழுள்ள செவ்வகத்தில் 3 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஐந்து பவுல் ஆனால் நீங்கள் வெளியே. ஒரு பகுதியில் அணியின் ஐந்தாவது பவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு பிரீ த்ரோ. சமன் ஆனால் ஐந்து நிமிடம் கூடுதல். ஆட்டத்தோடு ஆட்டமாக இதெல்லாம் பழகிவிடும். புதியவர்கள் அதிகம் மாட்டுவது டிராவலிங்கில், அதாவது பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைப்பதில்.

பெண்கள் அணி: வீட்டிலிருந்து திடல் வரை

இந்த ஆட்டம் ஆண்களுக்காகத் தொடங்கிப் பிற்பாடு பெண்களிடம் போனது என்று பலர் நினைக்கிறார்கள். ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இதை உருவாக்கியது 1891 டிசம்பரில். அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, பக்கத்து ஊரிலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் மாணவிகளை ஆடவைத்துவிட்டார். நம் மாநிலத்தில் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, தெற்கு ரயில்வேயில் வேலையும் பெற்று, 2021-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வீட்டில் "இதனால் என்ன கிடைக்கும்" என்று கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லலாம்.

உண்மையில் வீட்டில் கேட்கும் கேள்விகள் வேறு. எத்தனை மணிக்குத் திரும்புவாய், யாரோடு போவாய், என்ன உடுத்துவாய்? மழுப்பாமல் பதில் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். இராமேசுவரம் தீவிலிருந்தோ தொண்டிப் பக்கமிருந்தோ வருகிறவர்களுக்குக் கடைசி வசதியான பஸ் எது என்பதை வைத்தே பயிற்சி நேரத்தை முடிவு செய்ய வேண்டும். மாலையில் ஒத்துவராவிட்டால் மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் பந்து தட்டவும், காலையில் முதல் வகுப்புக்கு முன் எறியவும் பிடி மேடத்திடம் அனுமதி கேளுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்கள் அணியோடு பெண் பொறுப்பாளர் ஒருவர் வருவது வழக்கம். அவருடைய எண்ணை அப்பாவிடமோ வாப்பாவிடமோ முதலிலேயே கொடுத்து, பிடி மேடத்தையே ஒருமுறை வீட்டோடு பேசச் சொல்லுங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அவர் ஒருமுறை பேசுவது எடுபடும்.

உடை பற்றிக் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி மாணவிகள் அடிக்கடி கேட்பது முக்காடு. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017-இல் விதியைத் திருத்தித் தலைத்துணியை அனுமதித்துவிட்டது. முகத்தை மறைக்கக் கூடாது, ஊசி, பின் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். எனவே பின் குத்தாமல் தலையோடு இறுகி நிற்கும் விளையாட்டு ஹிஜாப் வாங்குங்கள். கை கால் மூடும் இறுக்க உறைகளும் போடலாம், அணி முழுக்க ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவர் யாராவது யோசித்தால் ஆட்டத்துக்கு முன்பே பொறுப்பாளர் பேசி முடித்துவிடட்டும், களத்தில் வாதாட வேண்டாம். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று ஷூவைவிட முதலில் வாங்க வேண்டியது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் சொல்லி வைக்கிறேன்.

ரமலான் மாதத்தில் நோன்பு வைக்கிறவர்கள் கடும் ஓட்டத்தை விட்டுவிட்டு, நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் நின்றபடி எறியும் பயிற்சி மட்டும் செய்தால் போதும். ஆண்களுக்கும் இதேதான்.

ஐந்து பெண்கள் சேரவில்லையா? 3×3 ஆட்டத்தில் இறங்குங்கள். அரைத் திடல், ஒரே வளையம், அணிக்கு நால்வர், அதில் மூவர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று. பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. ஆண், பெண் இருவருக்கும் 6-ஆம் எண் அளவுப் பந்து. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இதுவும் பதக்க விளையாட்டு. நம் ஊர் ஒற்றை வளையத் திடல்களுக்கென்றே கண்டுபிடித்ததுபோல இருக்கிறது.

போட்டியும் தேர்வும்

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை ஏதாவது ஒரு கல்லூரி ஏற்று நடத்தும். பெரும்பாலும் நாக் அவுட், தோற்றால் வீடு. ஆனால் பல்கலைக்கழக அணிக்கான தேர்வும் அங்கேயே நடக்கிறது என்பதை மறக்காதீர்கள். உங்கள் கல்லூரி முதல் சுற்றில் தோற்றாலும், தேர்வாளர் கண்ணில் நீங்கள் பட்டால் உத்தேச அணிக்கு அழைப்பு வரலாம். இருபது புள்ளி பின்தங்கியிருக்கும்போதும் ஓடித் திரும்பித் தடுப்புக்கு வருகிறவரைத் தேர்வாளர்கள் கவனிப்பார்கள். தோற்றதும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாமல், டிராயல்ஸ் உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உத்தேச அணிக்குச் சில நாள் முகாம் நடக்கும், அதிலிருந்து பன்னிரண்டு பேர் தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள். அங்கே சென்னைப் பல்கலைக்கழகம், எஸ்.ஆர்.எம். போன்ற பலம்வாய்ந்த அணிகளும் கேரளம், கர்நாடகத்து அணிகளும் வரும். முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. நம் பக்கத்துப் புதியவருக்கு அது தொலைவுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் தென்மண்டலத்தில் பல்கலைக்கழக ஜெர்சியோடு களத்தில் நிற்பது இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ நடக்கக்கூடிய காரியம். முதல் ஆண்டிலேயே நடந்தாக வேண்டும் என்று மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

இடையில் முதலமைச்சர் கோப்பை வரும். கல்லூரிப் பிரிவில் கூடைப்பந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் உண்டு, மாவட்ட அளவில் தொடங்கும், முன்பதிவு ஆன்லைனில். விவரத்துக்கு இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். போட்டி அனுபவம் இல்லாத புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சான்றிதழ்

தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள் காட்ட வேண்டியது படிவம் 3. அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். போட்டியில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழ் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே பெயரைப் பாருங்கள். முதலெழுத்து, எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி எல்லாம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அன்றே திருத்தி வாங்குங்கள். போட்டி நடந்த தேதி, இடம், அணி பெற்ற இடம் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக் காற்றில் காகிதம் சீக்கிரம் பழுக்கும், பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். லேமினேஷன் வேண்டாம், பின்னால் சரிபார்ப்பு முத்திரை வைக்க இடமிருக்காது. படிவத்தைக் கடைசி செமஸ்டருக்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் கழித்துப் போனால் அலுவலர் மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லிக் காரைக்குடிக்கு நடையாய் நடக்க வேண்டும்.